தேத்தண்ணிக்கு ஏற்ற தண்ணீர்

கஜந்தினியின் வேலை கடல்நீர் செய்வது. கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிற மொன்றியலில் இப்படியும் ஒரு வேலை உண்டு என்று நான் சொன்னால் பலர் நம்புவதில்லை. டோர்வலில், விமான நிலையத்துக்குப் பின்னால், இருபத்திரண்டு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை இருக்கிறது. கப்பலில் ஏற்றும் பெரிய இரும்புப் பெட்டிகளுக்குள் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களைப் பொருத்தி, தண்ணீர் இல்லாத நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அனுப்புமுன் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கடல் வேண்டும். ஆகவே திங்கட்கிழமை காலையில் கஜந்தினி ஏணியில் ஏறி, பத்தாயிரம் லீற்றர் தொட்டிக்குள் பதினான்கு மூட்டை உப்பைக் கொட்டிக் கலக்குவாள். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. மத்தியானத்துக்குள் கடல் தயார்.

அவளுக்கு வயது நாற்பத்தைந்து. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். கணவர் ஸ்ரீதரன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றின் களஞ்சியத்தைப் பார்க்கிறார். மகள் வித்தியாவுக்குப் பதினைந்து வயது. தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். வந்த புதிதில் கஜந்தினி விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் எட்டு வருடம் தட்டுக் கழுவினாள். ஒருநாள் மெட்ரோவில் ஒரு விளம்பரம் கண்டாள்: தண்ணீர் சுத்திகரிப்புப் படிப்பு, ஒன்றரை வருடம், முழுவதும் பிரெஞ்சில். மகளைப் பிள்ளைக் காப்பகமான கார்டெறியில் விட்டு எடுக்கப் போய்ப் பொறுக்கிய பிரெஞ்சுதான் அவளிடம் இருந்தது. "தூக்கம் வருதா", "மூக்கைத் துடை" என்பதற்கு மேல் போகாத பிரெஞ்சு. இருந்தும் போய்ப் பெயர் கொடுத்தாள். அந்த ஒன்றரை வருடமும் ஸ்ரீதரன் சமைத்தார். வீட்டில் எல்லோரும் மெலிந்தார்கள், அவள் பாஸ் பண்ணினாள்.

இன்றைக்கும் அழுத்தமானி, வால்வு, சவ்வு எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியும். கத்தரிக்காய்க்குத் தெரியாது.

பட்டறையின் தலைமைப் பொறியாளர் ஜெயசங்கர், சென்னைக்காரர், அறுபதைத் தொட்டவர். அவளை வேலைக்கு எடுக்கும்போது அவர் சான்றிதழைப் பார்க்கவில்லை. "தண்ணி கெட்டுப்போனா என்ன வாசனை வரும், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். கஜந்தினி, "என்ன பழுது எண்டு நீங்கள் சொல்லேல்லையே, சேர்" என்றாள். "பாசி பிடிச்சா ஒரு மணம், இரும்பெண்டா ஒரு மணம், வடிகட்டி அழுகினா அது வேற." அடுத்த திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்.

நான் சொல்ல வந்தது போன வருடம் ஜனவரியில் நடந்தது.

பசிபிக் கடலில் மொதுலா என்று ஒரு நாடு. மூன்று தீவு, ஒன்பதாயிரம் சனம், ஆறோ குளமோ எதுவும் இல்லை. கூரையில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடிப்பார்கள். நிலத்துக்கடியில் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நல்ல தண்ணீர் மிதக்கும். அதைக் கிணற்றில் பக்குவமாக அள்ளுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெரிய அலை தரைக்கு மேலால் வந்து போனதில் கிணறுகள் உப்பாகிவிட்டன. அதற்குப் பிறகு எட்டு வாரம் மழை பெய்யாவிட்டால் கப்பலில் தண்ணீர் வரவேண்டிய நிலை. அந்த நாடு இந்தப் பட்டறையிடம் மூன்று இயந்திரங்கள் கேட்டிருந்தது. முதலாவது தயாரானதும், பார்த்துக் கையெழுத்து வைக்கத் தங்கள் தண்ணீர் இலாகாவின் தலைமை இயக்குநரை மூன்று வாரத்துக்கு அனுப்பியது.

அவர் பெயர் மெலே. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, நல்ல உயரம், சிரித்தால் பட்டறைத் தகரம் அதிரும். விமான நிலையத்துக்குப் பட்டறைக் காரில் கூட்டி வரப் போனவள் கஜந்தினிதான். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஸ்ரீதரனின் பெரிய குளிரங்கியைக் கொண்டுபோய் மெலேக்குப் போட்டுவிட்டாள். இருவரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். கஜந்தினி எனக்குச் சொன்னபடி நான் தமிழில் தருகிறேன்.

தெருவோரம் ஆளுயரத்துக்குப் பனி குவிந்திருந்தது. ஒரு பெரிய இயந்திரம் அதை வாரி லொறியில் கொட்டிக்கொண்டு போனது. மெலே காரை நிறுத்தச் சொன்னார்.

"இதெல்லாம் நல்ல தண்ணீர்தானே?"

"ஓம், பனி. உருகினால் தண்ணீர்."

"எங்கே கொண்டு போகிறார்கள்?"

"ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்."

மெலே லொறி போவதையே பார்த்தார். பிறகு சொன்னார்: "கடவுள் உங்கள் வாசலில் கொண்டுவந்து வைக்கிறார். நீங்கள் லொறி பிடித்துத் திருப்பி அனுப்புகிறீர்கள்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பியர்பொன்ட்ஸில், கஜந்தினியின் வீட்டுக்குப் பக்கத்தில், அவருக்கு எடுத்திருந்த அறைக்குப் போய்ச் சேரும்வரை இருவரும் சிரித்தார்கள்.

முதல் வாரம் முழுவதும் சோதனை. கடல்நீரைப் பலமாக அழுத்தி மெல்லிய சவ்வுகளுக்குள்ளால் தள்ளினால் உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும், நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் வரும். மெலே தொழில் தெரிந்தவர். ஒவ்வொரு வால்வையும் தன் கையால் திறந்து மூடினார். பம்பைக் கழற்றிக் காட்டச் சொன்னார், பிறகு தானே பூட்டினார். உதிரிப் பாகங்களின் பட்டியலில் பதினொரு பொருட்களைக் கூட்டி எழுதுவித்தார். வியாழக்கிழமை பின்னேரம் எல்லா எண்களும் சரியாக வந்தன. ஆய்வுகூட முடிவும் நல்லது என்று வந்தது. ஜெயசங்கர் சந்தோஷமாக ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்து மெலேயிடம் நீட்டினார்.

மெலே குடித்தார். முகம் சுருங்கியது. மரியாதைக்கு இன்னொரு வாய் குடித்துவிட்டுக் குவளையை மேசையில் வைத்தார்.

"இதில் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றார்.

ஜெயசங்கர் திகைத்துவிட்டார். "ஏன்? என்ன குறை?"

"குறை ஒன்றுமில்லை. இதில் ஒன்றுமே இல்லை. அதுதான் குறை." மெலே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். எங்களிடம் முன்பும் ஒரு இயந்திரம் இருந்தது. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது. பதினொரு மாதம் ஓடியது. ஒரு பாகம் பழுதாகி நின்றது. பாகம் கிடைக்காததால்தான் அது செத்தது என்று அறிக்கையில் இருக்கிறது. அந்த அறிக்கையை எழுதியவள் நான். ஆனால் உண்மை அது இல்லை."

"பிறகு?"

"பாகத்தைக் கேட்டு யாரும் கடிதமே போடவில்லை. இயந்திரம் நின்று பத்து நாளாகியும் சனம் வந்து கேட்கவில்லை. ஏனென்றால் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. உடுப்புத் தோய்த்தார்கள். கரண்டியை நக்கியது போல இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதில் தேநீர் போட்டால் தேநீராக வரவில்லை. மழைத் தொட்டி வற்றும்வரை மழைத் தண்ணீரையே குடித்தார்கள், வற்றியதும் உப்புக் கிணற்றுக்குப் போனார்கள். நோய் வந்தது. உங்கள் இயந்திரம் முந்தியதைவிட எவ்வளவோ நல்லது. தண்ணீர் அதே தண்ணீர்."

ஜெயசங்கர் ஒப்பந்தத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினார். உப்பு இவ்வளவுக்குக் கீழே, கிருமி இல்லை, மணம் இல்லை; எல்லாம் சரி. தண்ணீரில் மறுபடி தாது சேர்க்கும் பகுதி முதலில் வரைபடத்தில் இருந்ததுதான், இயந்திரங்களுக்குப் பணம் கொடுக்கும் உதவி நிறுவனம் அதை வெட்டிவிட்டது. இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை லொறி வரும், அதை விட்டால் அடுத்த கப்பல் மாசக் கணக்கில் தள்ளிப்போகும்.

மெலே வெளியே போனதும் ஜெயசங்கர் கஜந்தினியிடம் சொன்னார்: "சைட்டுக்குப் போனப்புறம் பாத்துக்கலாம், கஜா. இப்ப எதையும் மாத்த முடியாது."

"அங்க போய் ஆர் பாக்கிறது, சேர்? அங்க இருக்கிறது அவதானே. அவவே ஏலாது எண்டுறா."

"டெண்டர்ல இல்லாதத நான் எப்படிம்மா செய்றது?"

கஜந்தினி குளிரங்கியை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள். இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போனாள். தேத்தண்ணி போடக் கேத்திலைத் திறந்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மொன்றியல் தண்ணீர் கொதித்துக் கொதித்து விட்டுப்போன சுண்ணாம்பு. வினாகிரி ஊற்றி அதைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இஞ்சருங்கோ" என்று ஸ்ரீதரனைக் கூப்பிட்டாள். "இதுதான்."

"எது?"

"இந்த வெள்ளை. இது இருக்கிறதாலதான் தேத்தண்ணி தேத்தண்ணியா இருக்குது. நான் போட்டுச் சுரண்டிக்கொண்டு நிக்கிறன்."

ஸ்ரீதரன் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப சுரண்டாதையும். எனக்கும் வேலை மிச்சம்."

படிக்கும் காலத்தில் ஒரு பாடம் இருந்தது. சவ்விலிருந்து வரும் வெறுந் தண்ணீரை நொறுக்கிய சுண்ணாம்புக் கல் நிரப்பிய தூணுக்குள்ளால் விட்டால், போகிற வழியில் அது கொஞ்சம் கல்லைக் கரைத்துக்கொண்டு போகும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், உடைய ஒன்றுமில்லை. கல் குறைந்தால் மேலே கொட்டினால் சரி. அடுத்த நாள் காலை ஒரு அடி அகலக் குழாயில் கல்லை நிரப்பித் தண்ணீரை விட்டுப் பார்த்தாள். மெலே பக்கத்தில் நின்று குழாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கல் என்ன?"

"சுண்ணாம்புக் கல்."

"என் நாடு முழுக்க இதுதான்! நாங்கள் நிற்பதே இதன் மேல்தான்."

"பவளப்பாறையை உடைக்கலாமா?"

"தொட்டால் அபராதம், அந்தச் சட்டத்துக்கு நானே ஆள் சேர்த்தேன். ஆனால் துறைமுகத்தை ஆழமாக்கியபோது தோண்டிய கல் மலைபோலக் கிடக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் விட்டிருக்கிறோம், ஆடுகள் ஏறி நிற்கின்றன."

எவ்வளவு கல் கரைய வேண்டும் என்பதுதான் கேள்வி. குறைந்தால் சப்பென்று இருக்கும், கூடினால் குழாய் அடைக்கும். ஜெயசங்கர் தடுக்கவில்லை, "உங்க நேரத்துல பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். கஜந்தினி அடுத்த வாரம் முழுக்க நான்கு விதமாகத் தண்ணீர் எடுத்தாள்: கல்லே படாதது ஒன்று, கொஞ்சம் பட்டது, நடுத்தரமாகப் பட்டது, கூடப் பட்டது. எல்லாவற்றையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, குடிக்கலாம் என்று தாள் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டாள். தேத்தண்ணிக்கு.

மெலேயும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மேசையில் ஐந்து பிளாஸ்க், ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல். ஐந்தாவதில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். ஒரே தேயிலை, ஒரே அளவு, பால் இல்லை. எதில் என்ன தண்ணீர் என்று கஜந்தினிக்கு மட்டும்தான் தெரியும். சமையற்கூடத்தில் அவளுக்கு மேற்பார்வையாளராக இருந்த அருமைராசா, தேத்தண்ணி விசயத்தில் தன்னை விட்டால் இந்த நாட்டில் ஆளில்லை என்று சொல்லுபவர், நடுக் கதிரையில் அமர்ந்து ஒவ்வொன்றாக உறிஞ்சினார். ஐந்தாவதில் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிள்ளை, இது ஊரிலயிருந்து வந்த தண்ணி. எனக்கு ஒளிக்கேலாது."

"அது எங்கட பைப் தண்ணி, அண்ணை. பியர்பொன்ட்ஸ்."

வீடே சிரித்தது. வித்தியாகூடத் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அருமைராசா மட்டும், "பைப் ஊரிலயிருந்து வந்திருக்கும்" என்று விட்டுக்கொடுக்காமல் இருந்தார்.

அந்த நேரத்தில் ஜெயசங்கரும் மனைவி சியாமளாவும் வந்தார்கள். அவருக்குச் சும்மா ஞாயிற்றுக்கிழமைத் தேநீர் என்றுதான் சொல்லியிருந்தது. கஜந்தினி சிவப்பு நூல் கட்டிய பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள்.

சியாமளா ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகக் கோப்பையை வைத்தார். "கஜா, தப்பா நெனச்சுக்காத. தேயிலை பழசா?"

"இல்லை அக்கா, புதுசு."

ஜெயசங்கரும் குடித்தார். "என்ன இது, வெந்நீர்ல கலர் கலந்த மாதிரி இருக்கு? டீத்தூள் போட்டீங்களா இல்லையா?"

கஜந்தினி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அது எங்கட தண்ணி, சேர். டெண்டர்ல உள்ள தண்ணி."

ஜெயசங்கர் கோப்பைக்குள் பார்த்தார். மெலேயைப் பார்த்தார். மெலே தமிழ் விளங்காமலே எல்லாம் விளங்கியவராகத் தலையை ஆட்டினார். சியாமளாதான் முதலில் பேசினார்: "ஏங்க, இதையா அந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?"

ஜெயசங்கர் சிரித்துவிட்டார். "எனக்கே எக்ஸாம் வச்சிட்டீங்களே கஜா. சரி, பாஸ் ஆன தண்ணி எது? அதக் குடுங்க."

வந்தவர்களில் கூடுதலானவர்கள் மூன்றாவது பிளாஸ்க் என்றார்கள். மெலே, கல் கூடப் பட்ட நான்காவது என்றார். குடிக்கப் போகிறவர் அவர் என்பதால் நான்காவதே முடிவானது.

ஜெயசங்கர் அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்தார். நாற்பத்தோராம் பக்கத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், தண்ணீர் "பாவிப்பவர்கள் விரும்பி ஏற்கத்தக்கதாக" இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை உதவி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். பழைய இயந்திரத்தின் உண்மைக் கதையை மெலே இந்த முறை மறைக்காமல் எழுதிக் கையெழுத்திட்டு அதோடு சேர்த்து வைத்தார். பொய் அறிக்கையைத் தானே திருத்துவது அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்று கஜந்தினி சொன்னாள். புதன்கிழமை மத்தியானம் சம்மதம் வந்தது.

இனித் தூண் வேண்டும். முன்பு யாரோ கேட்டுவிட்டு வேண்டாமென்று விட்ட இரண்டு உயரமான கண்ணாடிநார்த் தொட்டிகள் பின் முற்றத்தில் கிடப்பது கஜந்தினிக்கு ஞாபகம் வந்தது. அவற்றுக்கு மேல் மூன்று அடி பனி. அவளும் மெலேயும் மண்வெட்டியோடு போனார்கள். மெலே வாரிய பனியையெல்லாம் ஒரு பெரிய வாளிக்குள் போட்டார்; கீழே எறிய மனம் வரவில்லையாம். வாளி நிறைந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், உள்ளே கொண்டுபோய் உருக்கி, சோதனைக் குவளைகளைக் கழுவினார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பட்டறையில் எல்லோரும் குழாய் வெட்டினார்கள், ஒட்டினார்கள். பெட்டிக்குள் இடம் போதவில்லை. உதிரிப் பாகங்களின் அலுமாரியைக் கதவுப் பக்கம் நகர்த்தியபோதுதான் இரண்டாவது தொட்டி நேராக நின்றது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தண்ணீரை விட்டார்கள். மெலே ஒரு குவளை குடித்தார், இன்னொரு குவளை கேட்டார், பிறகு பேனாவைக் கேட்டார். சனிக்கிழமை லொறி வந்தது. இரண்டு தொன் கல் மூட்டைகளும் கூடவே போயின.

பெட்டி ஏப்ரலில் மொதுலாவில் இறங்கியது. மே மாதத்திலிருந்து மெலே கிழமைக்கொரு படம் அனுப்புவார். முதலில் குழாயடியில் நாலு பேர், பிறகு வரிசை. ஜூலையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, தங்கள் பக்கத்துக் குழாயை ஒரு மணித்தியாலம் பிந்தித் திறக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு முறைப்பாடு எழுதினார். மெலே அந்தக் கடிதத்தைப் படமெடுத்து, கீழே "சண்டை பிடிக்கிறார்கள்!" என்று எழுதி அனுப்பினார். ஜெயசங்கர் அதை அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். பிறகு ஒரு பார்சல் வந்தது. உள்ளே துறைமுகத்தில் தோண்டிய பவளக் கல், இரண்டு கிலோ, கழுவி வெயிலில் காய வைத்தது. கஜந்தினி அதைச் சோதித்தாள். ஆய்வுகூடமும் சோதித்து, கெடுதியான ஒன்றும் இல்லை என்றது. இரண்டாவது இயந்திரம் கல் மூட்டை இல்லாமலே போனது.

செப்டெம்பரில் அந்த நாட்டில் மழை நின்றது. எட்டு வாரம், ஒன்பது வாரம், பத்து வாரம். பதினோராம் வாரம் மெலே தொலைபேசியில் கூப்பிட்டு, "தண்ணீர்க் கப்பலுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை" என்றார். கஜந்தினி மத்தியானச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் பிரெஞ்சில் அதைச் சொன்னாள். பட்டறையில் மேசையைத் தட்டினார்கள்.

இந்தக் குளிர்காலம் மூன்றாவது இயந்திரத்தோடு அவளையே அனுப்பியிருக்கிறார்கள், அங்கே அதை ஓட்டப் போகிறவர்களுக்குப் பழக்க. புறப்படுமுன் ஸ்ரீதரன் மூன்று கிலோ மிளகாய்த்தூள் கட்டிக் கொடுத்தார். "அங்க மூண்டு கிழமைதானே நிப்பன்" என்றாள். "அவையளுக்கும் சேத்துத்தான்" என்றார் அவர். வித்தியா விமான நிலையத்தில் தமிழில், "அம்மா, கவனமாப் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, தானே வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

நேற்று அவள் அனுப்பிய படம் என் தொலைபேசியில் இருக்கிறது. தகரக் கொட்டிலின் கீழ் ஆறு பேர் பம்பை முழுவதும் கழற்றி ஒரு பாயில் பரப்பியிருக்கிறார்கள். நடுவில் கஜந்தினி, முழங்கை வரை கிரீஸ், எதையோ கையால் காட்டி விளக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் மெலே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். கீழே கஜந்தினி எழுதியிருக்கிறாள்: "இப்ப திருப்பிப் பூட்டி முடிஞ்சுது. ஒரு நட்டு மிச்சம். எங்கயெண்டு தேடுறம்."